குழலுக்குள் கிடந்தது

பித்தளைக் கம்பி போக வேண்டிய தூரம் போகவில்லை.

வான்மதி அதை வெளியே இழுத்து இன்னொரு முறை விட்டுப் பார்த்தாள். துப்பாக்கிக் குழலின் அடியில் இருக்கிற இரும்பு அடைப்பில் முட்டினால் கணீரென்று சத்தம் கேட்க வேண்டும். இது துணிமூட்டையில் முட்டிய மாதிரி மொத்தென்றது. குழல் வாயை ஒட்டிக் கம்பியில் ஒரு டேப்பைச் சுற்றினாள். வெளியே எடுத்துக் குழலுக்கு மேலேயே படுக்க வைத்து அளந்தாள். பொறி உள்ளே போகும் துளைக்கு நாலு விரற்கடை முன்னாலேயே கம்பி நின்றிருந்தது.

ஒயர் மாதிரி வளையும் குட்டிக் கேமராவை உள்ளே விட்டாள். போன் திரையில் குழல் ஒரு கிணறு மாதிரி தெரிந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒன்று. அதைச் சுற்றி மட்கிப்போன துணி நூல்.

ஈயக் குண்டு. அதற்குப் பின்னால் கருமருந்து.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருத்தன் மானுக்கோ மனுஷனுக்கோ இதைக் கெட்டித்து வைத்துவிட்டு, சுடாமலே ஆணியில் மாட்டிவிட்டுச் செத்துப்போயிருக்கிறான். அவன் செத்தான். மருந்து சாகவில்லை. கருமருந்துக்கு வயசு கிடையாது. ஈரம் படாதவரைக்கும் அது நேற்று அரைத்த மாதிரிதான்.

வான்மதி துப்பாக்கியைத் தூக்கி, வாய் தோட்டத்துப் பக்கக் கண்ணாடிக் கதவைப் பார்க்கும்படி மேசைமேல் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

டெக்சஸ், ஃபிரிஸ்கோ. பக்கத்துப் பக்கத்தில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். அதில் ஒன்று வெங்கடாசலத்துடையது. பெருந்துறைப் பக்கத்துக்காரர். ஐடி கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற கம்பெனி ஒன்று வைத்திருக்கிறார். மற்றவர்கள் காரும் கைக்கடிகாரமும் சேர்ப்பார்கள். இவர் அமெரிக்காவின் பழைய லாங் ரைஃபிள்களைச் சேர்க்கிறார். ஆள் உயரம், மேப்பிள் மரக் கட்டை, எட்டுப் பட்டைக் குழல், கட்டையின் பக்கவாட்டில் பித்தளை மூடி போட்ட ஒரு சின்ன டப்பா. இந்த நாடு பிறக்கும்போது கையில் இருந்த சாமான். அது தன் வீட்டு ஹாலில் மாட்டியிருந்தால் தன்னை ஒருத்தனும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்க மாட்டான் என்று அவருக்கு ஒரு கணக்கு.

ஃபிரிஸ்கோவில் புதிதாகக் கட்டுகிற சரித்திரக் கூடத்துக்கு இந்த ஒரு ரைஃபிளைக் கொடுக்கப் போகிறார். கண்ணாடிப் பெட்டி, கீழே அவர் பெயர். அன்று சாயந்திரம் வீட்டு ஆயுத பூஜையில் எல்லோர் முன்னாலும் அறிவிப்பதாக இருந்தார். பண்டிகை என்னவோ வாரநாளில் வந்துபோய்விட்டது; லீவு கிடைக்காதென்று சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். கூடத்துக்காரர்கள் மட்டும், வேறு ஒருத்தரை வைத்து ரைஃபிளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் என்றார்கள். அதற்குத்தான் நியூஜெர்சியில் ஒரு ஏலக் கம்பெனி வான்மதியை விமானம் ஏற்றி அனுப்பியிருந்தது.

சேலத்தில் அரசுக் கல்லூரியில் உலோகவியல். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். இங்கே மேல்படிப்பு. துருவையும் வெல்டிங் கோட்டையும் படிக்கத் தெரிந்தவள் என்று ஏலக் கம்பெனி எடுத்துக்கொண்டது. எந்தக் குழல் தகட்டைச் சுருட்டிக் கொல்லன் அடித்தது, எது பின்னாளில் மில்லில் துளைத்தது, எந்தப் பெயர் அப்போதே வெட்டியது, எது போன வருஷம் எவனோ கராஜில் உட்கார்ந்து வெட்டிப் பழசாகத் தெரியப் புகைபோட்டது, இதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும்.

கதவு திறந்தது. வெங்கடாசலம். பட்டு வேட்டி, மேலே கூடத்தின் பெயர் போட்ட டீ-ஷர்ட்.

“என்னுங் அம்மிணி, பார்த்தாச்சுங்களா? லுடோர்ஃப் செஞ்சதுதானுங்களே? குழல்லயே பேரு இருக்குதே.”

குண்டைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்டது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கான பதில் அவள் நாக்கு நுனியில் ருசியாக உட்கார்ந்திருந்தது.

“லுடோர்ஃப் குழல் செஞ்சவருங்க அங்கிள். ரைஃபிள் செஞ்சவரு இல்ல.”

“ரெண்டும் ஒண்ணுதானுங்?”

“இல்லீங்க. இந்தப் பேரு கையால வெட்டுனது இல்ல, அச்சு வெச்சு அடிச்சது. இதே அச்சு இன்னும் மூணு ரைஃபிள்ல பார்த்திருக்கேன். மூணும் வேற வேற ஊர்ல செஞ்சது, வேற வேற கை. அந்த ஆளு குழல் மட்டும் அடிச்சு விக்கிறவரு. இந்த விசையப் பாருங்க, அது இங்கிலாந்துல இருந்து பெட்டியில வந்தது, அதுல இன்னொரு பேரு. சட்டைப் பட்டன்ல ஒரு கம்பெனி பேரு இருந்தா அந்தக் கம்பெனியா சட்டையத் தெச்சுது?”

“அப்ப யாரு செஞ்சது?”

“யாருன்னு தெரியாது. மரத்தச் செதுக்கி, எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்தவன் பேர எங்கயும் போடல. போடற உரிமை இல்லாதவனாக்கூட இருக்கலாம்.”

வெங்கடாசலத்தின் முகம் மெதுவாகச் சுருங்கியது. அதைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

“அதவிட முக்கியம், அங்கிள். இது லோட் ஆயிருக்கு. உள்ள குண்டு இருக்குது. மருந்தும் இருக்குது.”

போனை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தார்.

“அது துருவுங்க.”

“துரு உருண்டையா இருக்காது.”

“பென்சில்வேனியாவுல இருந்து வந்து பார்த்துட்டுப் போனாரே ஒரு வெள்ளக்காரர், வயசானவரு, காலம் பூரா இதே வேல. லுடோர்ஃப்னாரு. குழல் க்ளீன்னாரு. எழுதியே குடுத்திருக்கறாரு.”

“கம்பி விட்டுப் பார்த்தாருங்களா?”

“அவரெல்லாம் தூக்கிப் பார்த்தே சொல்லிப் போடுவாரு.”

“அப்படிச் சொன்னா ரெண்டுமே தப்பாத்தான் சொல்லியிருப்பாரு.”

அங்கேதான் முடிச்சு விழுந்தது. அந்த ஆள் குண்டு விஷயத்தில் தப்பென்றால் பெயர் விஷயத்திலும் தப்பு. இந்தப் பெண் கம்பி விஷயத்தில் சரியென்றால் கண்ணாடிப் பெட்டியில் போடப்போகிற லுடோர்ஃப் போச்சு. ஒன்றை ஒத்துக்கொண்டால் இன்னொன்றும் கூடவே வரும். வெங்கடாசலம் வியாபாரி. இரண்டையும் சேர்த்தே தள்ளிவிட ஒரு வழி தேடினார். வழி ரொம்ப நாளாகக் கையோடு வைத்திருக்கிற வழிதான்.

“நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க?”

“நம்பியூர்ப் பக்கம்ங்க.”

“நம்பியூர்ல எங்க?”

சொன்னாள்.

“அட, அங்க என்ற சித்தப்பா தோட்டம் இருக்குதே. அப்பா பேரு என்னுங்? என்ன பண்றாரு?”

“சுந்தரன். திருப்பூர்ல சாயப்பட்டறை.”

“செரி, ஊருக்குள்ள எந்தப் பக்கம்? மாரியம்மன் கோயில் வீதியா, மேக்கால வீதியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே காலையிலிருந்து அவளும் செய்துகொண்டிருந்தாள். முதலில் தூரமாக நின்று மொத்த வாட்டம். அப்புறம் கிட்டே வந்து செதுக்கல், வளைவு. மேலே பெயர் சரியாக இல்லையென்றால் ஆணியைத் தட்டிக் குழலைக் கழற்றித் திருப்பிப் போட்டு அடியைப் பார்ப்பது. இவர் ஆணியைத் தட்டுகிறார். நியூஜெர்சியில் தட்டினார்கள். சான் ரமோனில் ஒரு கொலு வீட்டில் சுண்டலைக் கையில் கொடுத்துக்கொண்டே ஒரு அம்மா தட்டினாள். எல்லோரும் ஒரே சுத்தியல்தான் வைத்திருக்கிறார்கள்.

“ஊருக்குள்ள வீடு இல்லீங்க,” என்றாள். “காலனி.”

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. நிம்மதி வந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“அதான பார்த்தேன்,” என்றார். ‘நீங்க’ அந்த இடத்திலேயே இறங்கிக்கொண்டது. “செரி விடு. படிச்சிருக்கற, சந்தோசம். ஆனா இதெல்லாம் பரம்பரை பரம்பரையா ஆயுதம் புழங்கறவங்களுக்குத் தெரியும். நீ கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்து சொல்ற.”

“உங்க பரம்பரை எந்த நாட்டுச் சண்டையில சுட்டுச்சுங்க அங்கிள்?”

“வாய் ஜாஸ்தி உனக்கு.”

“வாய் இருக்கட்டும். ஒரு கப் தண்ணி குடுங்க. இந்தத் தொளையில ஊத்திட்டா மருந்து நனஞ்சிரும். அப்புறம் திருகுக் கம்பி போட்டு குண்ட உருவிரலாம். அஞ்சு நிமிஷ வேல.”

“என்ற ரைஃபிள்ல தண்ணி ஊத்துவியா நீ?” அவர் மேசைக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். “தொடாத. உன்ற ரிப்போர்ட்ட எழுதி உன்ற முதலாளிக்கு அனுப்பு. நான் பேசிக்கறேன்.”

அவர் போனதும் வான்மதி தன் முதலாளியைக் கூப்பிட்டாள். பொருள் அவருடையது, ரிப்போர்ட்டில் கொட்டை எழுத்தில் எழுது, படத்தை அனுப்பு, அடுத்த விமானத்தில் ஏறு என்றார் அவர். போலீஸின் சாதாரண நம்பருக்குப் போட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் அதே பொறுமையோடு, யாராவது யாரையாவது மிரட்டுகிறார்களா என்றாள். இல்லை. அப்படியானால் சொந்த வீட்டில் லோட் ஆன துப்பாக்கி வைத்திருப்பது டெக்சஸில் குற்றமில்லையே மேடம் என்றாள். வான்மதி போனை வைத்தாள். அந்தப் பெண்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஒரு டப்பா நிறையப் பல்குச்சி இருந்தது. புதுக் குச்சி ஒன்றை எடுத்துப் பொறித்துளையில் இறுக்கிச் செருகி, நீட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை ஒடித்தாள். அடைத்துக்கொண்டது. பொறி போக வழியில்லை. இப்போதைக்கு இது போதும்.

சமையலறையில் சாந்தாமணி சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். வெங்கடாசலத்தின் மனைவி. காலையில் வான்மதி வந்து இறங்கியதும், எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்து, “டல்லஸ்ல மல்லி கெடைக்கறதே பெருசு கண்ணு,” என்று தன் தலையிலிருந்து பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டவள். இப்போது அவள் சாப்பாட்டைப் பேப்பர் தட்டில் போட்டு, மேசையில் வைக்காமல், கராஜுக்குப் போகிற கதவோரம் இருந்த ஸ்டூலில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“அங்கிள் சொல்லிட்டாருங்களா?” என்றாள் வான்மதி.

சாந்தாமணி கரண்டியைச் சட்டியில் தட்டினாள். “அவரு என்னமோ சொல்றாரு. நீ சாப்பிடு.”

“எனக்குச் சாப்பாடு வேணாம்ங்க ஆன்ட்டி. நான் சொல்றத மட்டும் கேளுங்க. அந்த நீளத் துப்பாக்கியில குண்டு இருக்குது. ஒரு குச்சி சொருகி வெச்சிருக்கேன், அத யாரும் புடுங்க வேணாம். நெருப்பு கிட்டப் போக வேணாம். வெளக்கு, ஊதுபத்தி, எதுவும்.”

சாந்தாமணி முதல் தடவையாக நிமிர்ந்தாள். “நெசமாவா?”

“பொய் சொல்றதுக்கா ஆயிரம் மைல் வந்தேன்?”

“அவரு கிட்டச் சொன்னயா?”

“சொன்னேன். துருங்கறாரு.”

சாந்தாமணி அடுப்பைக் குறைத்தாள். “அவருக்கு அப்படித்தான். ஒண்ணு மனசுல உளுந்துட்டா எடுக்க மாட்டாரு. நான் பாத்துக்கறேன் போ,” என்றாள். பிறகு ஒரு ஜிப்லாக் பையில் சுண்டலை அள்ளிப் போட்டு நீட்டினாள். “பிளேன்ல திங்கறதுக்கு ஒண்ணுங் குடுக்க மாட்டானுங்க. வெச்சுக்க.”

கை பட்டுவிடாமல் பையின் ஓரத்தைப் பிடித்து நீட்டினாள். ஆனாலும் நீட்டினாள். வான்மதிக்கு அதை வாங்குவதா மூஞ்சியில் எறிவதா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டாள்.

ரிப்போர்ட்டை அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். பையை மூடினாள். வண்டிக்குச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தபோது சாயந்திரம் ஆகியிருந்தது. விருந்தாளிகள் வர ஆரம்பித்திருந்தார்கள். வாசலில் செருப்புக் குவியல். அவள் ஷூ அடியில் எங்கோ கிடந்தது.

கை நிறையச் சாமந்திப்பூவோடு ஒரு அம்மா படியேறினாள். இரண்டு வீடு தள்ளி இருக்கிற ஷ்யாமளா. “நீதான் ஜெர்சியிலேர்ந்து வந்திருக்கற பொண்ணா? கெளம்பிட்டியா? இருந்து பூஜை பார்த்துட்டுப் போயேன். இந்த வருஷம் காருக்கு, லேப்டாப்புக்கு எல்லாம் இல்ல, துப்பாக்கிக்குத்தான் பூஜையாம். என் ஹஸ்பண்ட் ஒரே கிண்டல்.”

“எந்தத் துப்பாக்கிக்குங்க?”

“அதான், பெருசா ஒண்ணு வெச்சிருக்காரே. சந்தனமெல்லாம் வெச்சாச்சு. எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா?”

வான்மதி பையை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஹாலில் நீளமேசை. வெள்ளைத் துணி. மேலே ரைஃபிள், வாழைத்தண்டு மாதிரி படுத்துக் கிடந்தது. கட்டையில் மூன்று விரல் திருநீறு, சந்தனம், குங்குமம். விசையில் சாமந்தி. முன்னால் தேங்காய் பழம், குத்துவிளக்கு, எரிகிற ஊதுபத்தி. குழல் வாய் நேராக சோபாவைப் பார்த்தது. சோபாவில் இரண்டு பெண்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அங்கிள்!”

வெங்கடாசலம் திரும்பினார். கையில் கற்பூரத் தட்டு.

“நீ இன்னும் போகலியா?”

“இது லோட் ஆயிருக்குன்னு சொன்னேனே. பக்கத்துல வெளக்கு எரியுது. எல்லாரும் எந்திரிங்க. அந்தப் பக்கம் உக்காராதீங்க.”

சோபாவில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். யாரோ “வாட்?” என்றார்கள். ஷ்யாமளாவின் கணவர் ராமசுப்ரமணியன், “என்ன சார், டெக்சஸ்னா நெஜமாவே டெக்சஸா?” என்று சிரித்தார். கூட நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வெங்கடாசலத்துக்குச் சூடு வைத்த மாதிரி இருந்திருக்க வேண்டும்.

“ஒண்ணுமில்லீங்க. லுடோர்ஃப் இல்லீன்னு காலைல ஒரு கதை. நான் ஒத்துக்கலைன்னதும் இப்ப குண்டுன்னு ஒரு கதை. வயித்தெரிச்சல்.” குனிந்து பார்த்தார். சந்தனம் வைத்தவர்கள் கவனிக்காமல் விட்டிருந்த குச்சி அவர் கண்ணில் பட்டது. நகத்தால் நெம்பிப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். “இதப் பாருங்க. பல்லுக் குத்தற குச்சி! சாமிக்கு வெக்கற பொருள்ல எச்சக் குச்சியச் சொருகி வெச்சிருக்கறா. எங்க எதச் சொருகறதுன்னு ஒரு இது வேண்டாம்?”

“அது புதுக் குச்சி.”

“ஆமா, நீ சொல்லோணும்.”

குச்சியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். சாந்தாமணி சமையலறை வாசலில் நின்று கணவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏனுங்க, அந்தப் புள்ள சொல்றத ஒருக்கா…” என்றாள்.

“நீ போய்ச் சுண்டல எடுத்துட்டு வா.”

அவள் போனாள்.

“இங்க பாரு,” என்றார் வெங்கடாசலம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “உன்ற மனசத் திருப்தி பண்ணிப் போடறேன்.” மேசையின் துணியோடு சேர்த்து ரைஃபிளை அரைவட்டம் திருப்பினார். வாய் இப்போது சோபாவைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை. வெறும் சுவரைப் பார்த்தது. “செவுத்துப் பக்கம். ஆச்சா?”

வான்மதி சுவரைப் பார்த்தாள். வெள்ளைச் சுவர். காலண்டர் ஒன்று மாட்டியிருந்தது. சுவர் என்றால் செங்கல், சிமென்ட், ஆணி அடித்தால் கை வலிக்கிற சுவர். இருபத்திரண்டு வயசு வரைக்கும் அவள் உடம்பு பழகிய சுவர் அது. கொஞ்சம் இரு, யோசி என்று யாராவது சொல்லியிருந்தால் அவளுக்கே ஞாபகம் வந்திருக்கும். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வண்டி வந்து நின்றதாகப் போன் அதிர்ந்தது.

தலையை ஆட்டினாள். சரி.

வாசலுக்கு வந்து செருப்புக் குவியலில் ஷூவைத் தேடினாள். ஒன்று கிடைத்தது. உள்ளே மணி அடித்தது. ராமசுப்ரமணியனின் குரல், “சார், இந்தக் கிண்ணியப் பாருங்களேன், கற்பூரம் வெக்கறதுக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு!” யாரோ சிரித்தார்கள். “அட ஆமா, அங்கயே ஏத்துங்க சார்.”

விசைக்குப் பக்கத்தில், பொறித்துளையை ஒட்டி, பற்றவைக்கிற மருந்தைக் கொட்டுவதற்கு ஒரு சின்ன இரும்புக் கிண்ணி இருக்கும். அதைத்தான் சொல்கிறார்கள் என்று வான்மதிக்குப் புரிந்தபோது ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ். “ஏத்தாதீங்க!” என்று கத்தினாள். மணிச் சத்தத்தில் அது எவருக்கும் கேட்கவில்லை.

சத்தம் வெடிச்சத்தம் மாதிரி இல்லை. வீடே ஒருமுறை இருமிய மாதிரி இருந்தது. அப்புறம் புகை. வெள்ளைப் புகை, அழுகின முட்டை நாற்றம். குழந்தைகள் வீறிட்டன. யாரோ “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எல்லாரும் ஓகேவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் ஓகே. ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வெங்கடாசலம் புருவம் கருகி, இடது கை சிவந்து நின்றார். அவருக்குச் சிரிப்புக்கூட வரப் பார்த்தது. “செவுத்துலதான்… செவுத்துலதான் போச்சு,” என்றார்.

சுவரில், காலண்டருக்கு ஒரு சாண் கீழே, கட்டைவிரல் அளவு ஓட்டை. அதன் ஓரத்திலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

அமெரிக்க வீட்டுச் சுவர் சுவரே இல்லை. இந்தப் பக்கம் ஒரு சுண்ணாம்பு அட்டை, அந்தப் பக்கம் ஒரு சுண்ணாம்பு அட்டை, நடுவில் காற்று. அந்தப் பக்கம் சமையலறை.

முதலில் ஓடியது வான்மதி. சாந்தாமணி அடுப்புக்கும் சமையலறை நடுவிலிருந்த மேடைக்கும் இடையில் ஒருக்களித்துக் கிடந்தாள். தரையெல்லாம் கொண்டைக்கடலை. விலாவுக்குக் கீழே பட்டுச்சேலை கறுத்துக்கொண்டே வந்தது. வான்மதி தன் துப்பட்டாவைச் சுருட்டி அழுத்திப் பிடித்தாள். “ஆன்ட்டி, என்னப் பாருங்க. தூங்காதீங்க. என்னப் பாருங்க.” சாந்தாமணி பார்த்தாள். உதடு அசைந்தது. ஏதாவது சொல்வாள் என்று வான்மதி குனிந்தாள். மூச்சுதான் வந்தது. அவள் கை, சுண்டல் பையின் ஓரத்தைப் பிடித்து நீட்டிய அதே கை, வான்மதியின் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துதான் விடுவித்தார்கள். அப்போது அதில் பிடி இல்லை.

இருட்டுவதற்குள் தெருவை மறித்து மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். விருந்தாளிகளைப் புல்தரையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ராமசுப்ரமணியன் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். அவர் காரின் பின்சீட்டில் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

சபரி ஆஸ்டினிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவன். ஒரே மகன். பூஜைக்குத்தான் வந்துகொண்டிருந்தான், வழியில் தாமதம். அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைத்தான் பார்த்தான். போலீஸ்காரரும் அவனும் வெங்கடாசலமும் நின்ற இடத்துக்கு வான்மதியைக் கூப்பிட்டார்கள். அவள் இன்னும் ஒற்றை ஷூவோடுதான் இருந்தாள். கையில் முழங்கை வரைக்கும் ரத்தம் காய்ந்துபோயிருந்தது.

“யூ ஆர் தி எக்ஸ்பர்ட்?” என்றான் சபரி. குரல் உடையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “டிட் யூ நோ இட் வாஸ் லோடட்? டிட் மை டாட் நோ?”

வெங்கடாசலம் அவளைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் அவளைப் பார்த்த பார்வைகளில் இது சேரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார் போலிருந்தது.

“அம்மிணி,” என்றார் தமிழில், மெதுவாக. “நீங்க தெளிவாச் சொல்லலீங்களே. சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனுங்களே. சும்மா பேச்சுவாக்குலதானுங்க சொன்னீங்க? அவங்கிட்டச் சொல்லுங்க அம்மிணி. என்ற பையன்… எனக்கு இனி அவன் ஒருத்தன்தானுங்க.”

‘நீங்க’ திரும்பி வந்திருந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தாள்.

அவளால் முடியும். ஒரு வார்த்தை போதும். தெளிவாச் சொல்லல. இவர் மகனோடு மிச்ச நாளை ஓட்டிக்கொள்வார். ஆனால் அது பொய். இந்த ஆளுக்காகப் பொய் சொல்ல அவளுக்கு ஒரு கடமையும் கிடையாது.

“சொன்னேன்,” என்றாள் சபரியைப் பார்த்து. “காலைல சொன்னேன். படம் காட்டினேன். உங்க அம்மாகிட்டயும் சொன்னேன். சாயங்காலம் இத்தனை பேர் முன்னால சொன்னேன். அவருக்குத் தெரியும்.” அப்புறம் அதையே போலீஸ்காரருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

சபரி அப்பாவின் பக்கம் திரும்பவில்லை.

பின்னால் நின்றிருந்த ஷ்யாமளா முணுமுணுத்தாள். முணுமுணுப்பு என்றாலும் கேட்கட்டும் என்று சொன்னதுதான். “பொண்டாட்டிய வாரிக் குடுத்துட்டு நிக்கறார் மனுஷன். இப்போ இதச் சொல்லணுமா? உங்களுக்கெல்லாம் ஈரமே கெடையாதா?”

“எங்களுக்கெல்லாம்னா யாருக்குங்க?” என்றாள் வான்மதி.

ஷ்யாமளா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

போலீஸ்காரர் கேட்டார், கடைசியில் துப்பாக்கி சுவர்ப் பக்கம் எப்படித் திரும்பியது, யார் திருப்பியது என்று. வேலையில் கேட்கிற கேள்வி. எதையும் குறிவைத்துக் கேட்கவில்லை.

“அவர் திருப்பினார்,” என்றாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வான்மதிக்குப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் கிடையாது. அந்தப் பழக்கம்தான் அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது, எங்கேயும் நல்ல பெயர் எடுக்க விடாமலும் செய்தது. “திருப்பிட்டு என்னைப் பார்த்து ஆச்சான்னு கேட்டார். நான் சரின்னு தலையாட்டினேன். அந்தச் சுவரைப் பத்தி நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல.”

வெங்கடாசலம் நிமிர்ந்தார். இடிந்துபோய் நின்றிருந்த ஆளுக்கு எங்கிருந்தோ ஒரு பிடி கிடைத்துவிட்டது. மகனின் தோளைப் பற்றினார்.

“கேட்டியா சபரி? கேட்டியா? அவளே சொல்றா பாரு. எக்ஸ்பர்ட்டு. சரின்னுட்டா. இவ சரின்னதுக்கு அப்புறந்தான் கண்ணு நான் பத்த வெச்சேன். ஆஃபீசர், ஷீ செட் ஓகே. ஷீ செட் ஓகே, ஆஃபீசர்.”

சபரி அப்பாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நம்ப வேண்டும் என்கிற ஆசை அவன் முகத்தில் வெட்கமில்லாமல் வந்து உட்கார்ந்தது.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். வெங்கடாசலம் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தார், ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி. வான்மதி நின்று கேட்டாள். காலையிலிருந்து அவள் சொன்னதில் அந்த மனுஷன் நம்பியது அது ஒன்றைத்தான்.